முடிச்சூரில் மூன்று வார ஐரோப்பா

நான் ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்ற செய்தி பம்மல் முழுக்கப் பரவியபோது நான் பி.காம். இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பரீட்சைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் எதிரே டிஜிட்டல் பேனர். என் பாஸ்போர்ட் சைஸ் முகத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் ஈபிள் கோபுரத்தை நிறுத்தி, "ஐரோப்பா செல்லும் எங்கள் குலவிளக்கே, வருக வருக" என்று போட்டிருந்தது. போகிற பெண்ணை எதற்கு வருக என்கிறார்கள் என்று என் பக்கத்தில் நின்றவர் இன்னொருவரிடம் கேட்டார். பேனரின் கீழ்மூலையில் என் பெரியப்பா கைகூப்பியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் உபயம்தான்.

பெரியப்பாவும் அப்பாவும் பம்மலிலேயே பிறந்தவர்கள். அவர்கள் சின்ன வயதில் நெல் விளைந்த நிலம் பிறகு மனைகளாகிவிட்டது. பெரியப்பா வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். அப்பா பைப்பும் குழாயும் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. திரிசூலத்தில் இறங்குகிற விமானங்களின் வயிற்றை மொட்டை மாடியிலிருந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

இத்தனைக்கும் காரணம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பு. கல்லூரி முடிந்ததும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். நடத்தியவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். இளவயதில் ஜெர்மனியில் ஏதோ தொழிற்சாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர். மே மாதத்திலும் டை கட்டுவார், காலில் ரப்பர் செருப்பு இருக்கும். அந்த வருடம் அவர் ஒரு திட்டம் போட்டார். மூன்று வாரம், மூன்று நாடு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி. காலையில் மொழி, மாலையில் பண்பாடு. ஐரோப்பாவில் ஒரு மொழிப் பள்ளிக்கு எழுதிப் போட்டார், அவர்களும் சந்தோஷமாக வாருங்கள் என்று பதில் போட்டார்கள். எட்டுப் பேர் சேர்ந்தோம்.

ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. சாரும் சம்மர் என்று எழுதினார், அவர்களும் சம்மர் என்று எழுதினார்கள். எந்தப் பக்கமும் மாதத்தைச் சொல்லவில்லை. விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டு, அது வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அவர்களுடைய கோடை ஜூலை நடுவில் தொடங்குகிறது என்று. ஜூலையில் எங்களுக்குக் கல்லூரி. அங்கே இரண்டு கோடையைக் கழித்த மனிதருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இருபது வருடத் தாம்பரத்து வெயில் அவருக்கு அந்த ஞாபகத்தையே காயவைத்துவிட்டது போல.

சார் எல்லோரையும் வீட்டாரோடு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கட்டிய பணத்தை அப்படியே திருப்பித் தருவதாகச் சொன்னார். ஐந்து பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சார், பணம் கிடக்கட்டும். பொண்ணு திங்கக்கெழம கிளம்புறான்னு ஊருக்கே சொல்லியாச்சு. எங்க அண்ணன் பேனர் வச்சிட்டாரு. சொந்தக்காரங்கள்லாம் வந்து ஸ்வீட்டு குடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப இவ போகலன்னா, நான்தான் கடையப் பூட்டிட்டு எங்கயாவது போகணும்."

சார் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"மூணு வாரம் தமிழே பேசாம ஒரு இடத்துல இருந்தா அதுவும் ஃபாரின் மாதிரிதான் சார்," என்றார். "முடிச்சூர்ல என் மச்சான் வீடு காலியா இருக்கு."

அப்பா உடனே சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பேனரின் கீழே தினமும் பஸ்ஸுக்கு நிற்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை முப்பது பேர் வாசலில் நின்று வழியனுப்பினார்கள். விமான நிலையத்துக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள் என்று சொல்லி அப்பா மட்டும் காரில் ஏறினார். அம்மாவுக்கு விஷயம் தெரியும், ஆனாலும் அழுதாள். அந்த அழுகை நிஜம்தான் என்று பிறகு சொன்னாள். ஸ்வெட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பல்லாவரம் சிக்னலில் விமான நிலையத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கார் வலப்பக்கம் திரும்பியது. 

முடிச்சூர் வீட்டில் என்னையும் சேர்த்து மூன்று மாணவர்கள். ஒருவர் அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவருடைய மகன் ஜெர்மனியில் ஒரு ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். மருமகளிடம் ஒரு பத்து நிமிடமாவது பேச வேண்டும் என்பது டீச்சரம்மாவின் ஆசை, அதை முடிச்சூரில் கற்றால் என்ன, மூனிச்சில் கற்றால் என்ன என்று இருந்துவிட்டார். இன்னொருவர் பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த அண்ணன். இத்தாலிக்காரர்கள் சரக்கு பார்க்க வரும்போது தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவருடைய காரணம்.

ஹால்தான் பிரான்ஸ். ஏசி போட்ட படுக்கையறை ஜெர்மனி. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை இத்தாலி. சார் நோட்டுப் புத்தகத்தை வெட்டி எங்களுக்குப் பாஸ்போர்ட் தைத்திருந்தார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்ஸ்டிட்யூட் ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவார். இதையெல்லாம் அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. ஜெர்மனிக்குள் நுழையும்போது டீச்சரம்மாவின் பையைத் திறந்து பார்த்து, மாவடு பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். உணவுப் பொருளுக்கு அனுமதி இல்லையாம். டீச்சரம்மா முப்பது வருடம் வகுப்பு நடத்தியவர், யாருக்கும் அடங்கமாட்டார். அன்று ஒன்றும் பேசமுடியாமல் நின்றார். பேச வேண்டுமென்றால் ஜெர்மனில் பேச வேண்டும். மாவடுவுக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியாது, சாருக்கும் தெரியாது.

தமிழுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கரண்ட் போனால் தமிழ் பேசலாம். மின்சாரம் இல்லாத ஐரோப்பாவைத் தன்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்றார் சார். அந்த மே மாதம் முடிச்சூரில் மதியம் தவறாமல் கரண்ட் போகும். ஃபேன் நின்ற மறுநொடி நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்போம். டீச்சரம்மா காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுவார். தோல் அண்ணன் ஒரு கதையை நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கரண்ட் வந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் அப்படியே நிறுத்திவிடுவோம். தோல் அண்ணனுடைய அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏன் வேனிலிருந்து இறங்க மறுத்தார் என்பது எங்களுக்குத் தெரிய நாலு நாள் ஆனது.

சமைக்க வந்த அக்கா கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, மிச்சக் கூடையோடு ஒன்பது மணிக்கு வருவார். அவருக்கும் தமிழ் கூடாது என்று சார் சொன்னபோது கூடையை இறக்காமலேயே கேட்டார்:

"இன்னா சார் பேஜாரா கீது. கொயம்பு ஊத்தவான்னு கேக்கறதுக்குக்கூட வெள்ளக்காரன் பாஷையா?"

"ஒரு பத்து வார்த்தை போதும்மா. நான் சொல்லித் தரேன்."

"சம்பளத்த நீ தமிழ்லயே குடுத்துடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பத்து வார்த்தையில் நிற்கவில்லை. ஜெர்மனி வாரத்தில் சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. அக்காவைப் படுக்கையறையில் கூடையோடு உட்காரவைத்து, நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஜெர்மனில் மீன் வாங்க வேண்டும். ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் செய்தித்தாளில் பரப்பி உட்கார்ந்தார். விலை என்ன என்று நான் ஜெர்மனில் கேட்டேன்.

"ட்ஸ்வான்ட்ஸிக்," என்றார். இருபது.

அதிகம் என்று சொல்வதற்கான வார்த்தை எனக்கு மறந்துவிட்டது.   நான் எதையோ உளறி, பத்து என்றேன். அவர் மீனை எடுத்துக் கூடைக்குள் போட்டு மூடினார். அன்று எனக்கு மீன் கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாப்பாட்டில் எனக்கு ரசம்தான் ஊற்றினார். எண்களையும் விலை பேசுவதையும் ராத்திரி முழுக்கப் படித்து, மறுநாள் சரளமாகச் சொல்லி இரண்டு சங்கரா வாங்கினேன். என் உச்சரிப்பை அக்கா இரண்டு இடத்தில் திருத்தினார். டீச்சரம்மாவிடம் அவர் இன்னும் கறார். பூகோளப் பாடத்தில்கூட, தான் யாரையும் இப்படிக் கதறவிட்டதில்லை என்று டீச்சரம்மா மறுநாள் கரண்ட் போனபோது சொன்னார்.

பெரியப்பாவுக்கு நான் அவ்வப்போது போன் செய்ய வேண்டியிருந்தது. முடிச்சூர் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. நேர வித்தியாசம் மூன்றரை மணி என்று கணக்குப் போட்டு, அங்கே காலை எட்டு மணி ஆகியிருக்கும் நேரத்தில், இங்கே பதினொன்றரைக்குப் பேசுவேன். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து போய், குளிர் தாங்கவில்லை பெரியப்பா என்பேன். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது கீரைக்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டே பூத்தை உரசிப் போனார்.

"இன்னாம்மா அது, அங்கயும் கீர விக்கிறாங்களா?"

"நம்ம ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க பெரியப்பா."

"முருங்கக்கீரன்னு கேட்டுச்சே."

"ஆமா பெரியப்பா. இங்க அதுக்கு நல்ல கிராக்கி."

அவர் நெகிழ்ந்துபோய்விட்டார்.  பொய் சொல்வது எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை தெரியாது.

மூன்றாவது வாரம் இத்தாலி. சாருக்கு இத்தாலியன் தெரியாது. எங்களைவிட ஒரு பாடம் முன்னால் படித்துவிட்டு வந்து நடத்தினார், அதை மறைக்கவும் இல்லை. மாடி அறை அடுப்பு மாதிரி கொதித்தது. வியாழக்கிழமை எங்களைத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பீச் ஸ்டேஷன் போகும் வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று ஒருவரை ஒருவர் இத்தாலியனில் கேட்டுப் பழக வேண்டும். நான் கறுப்புக் கண்ணாடியும் துப்பட்டாவுமாகப் போனேன். தண்ணீர் குடிப்பதற்காக இரண்டையும் ஒரு நிமிடம் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பெரியப்பா.

கையில் மஞ்சள் பையோடு நின்றார். தாம்பரத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு மாம்பலத்தில் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தாராம், பிறகு தெரிந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

"அம்மாடி," என்றார்.

எனக்கு அந்த வாரம் முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுதான் நாக்கில் இருந்தது. மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.

"ஸ்கூஸி. நோன் காபிஸ்கோ."

பெரியப்பா ஒரு அடி பின்னால் போனார். சார் எழுந்து வந்தார். நான் அவரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன்.

"யார் சார் இந்தப் பொண்ணு?" என்று பெரியப்பா அவரைக் கேட்டார்.

சார் பொய் சொல்லாதவர். அதனால் கொஞ்சம் யோசித்தார். "நாங்கள்லாம் இப்போ இத்தாலி சார்," என்றார்.

"இத்தாலியா? நம்ம ஊரு சுடிதார் போட்டுகினு கீது?"

"அவங்க தமிழ் பேசக் கூடாது... பேச மாட்டாங்க."

பெரியப்பா பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தார். அதிலிருந்து என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். பேனருக்குக் கொடுத்ததில் மிஞ்சியது. டீச்சரம்மா பெஞ்சில் வேறு பக்கம் திரும்பி, வண்டி எப்போது வரும் என்று காற்றைப் பார்த்து இத்தாலியனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அச்சு அசலா எங்க தம்பி பொண்ணுதான் சார். நெறங்கூட அதே நெறம். அங்கல்லாம் செவப்பா இருப்பாங்கன்னு சொல்லுவாங்களே."

தோல் அண்ணன் குறுக்கே வந்தார். "தெற்கு இத்தாலிங்க. அங்க வெயில் ஜாஸ்தி."

அது பெரியப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. வெயில் அவருக்குத் தெரிந்த விஷயம். என் பக்கம் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுவது போலச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் பேசினார். "எங்க. வூட்டுப். பொண்ணும். உங்க. ஊர்லதான். கீது. பாத்தா. நல்லா. பாத்துக்கோ." நடைமேடையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு வேர்க்கடலைக்காரரைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் வைத்து, தலையில் கையை வைத்துவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

வண்டி கிளம்பும் வரைக்கும் ஜன்னலிலிருந்து கையாட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சார் மட்டும், உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று இத்தாலியனில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வர வேண்டும். பெரியப்பா வேன் பேசிவிட்டார் என்று அப்பா பூத்துக்கு போன் செய்தார். துபாய் வழியாக மதியம் ஒரு விமானம் வருகிறது, அதில் நீ வருகிறாய் என்றார். நானும் மீன்கார அக்காவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் லோக்கல் டிரெயின் ஏறித் திரிசூலத்தில் இறங்கினோம். சுரங்கப்பாதை வழியாக விமான நிலையத்துக்குள் போனால், வெளியே வருகிற வாசலில் கம்பிக்கு இந்தப் பக்கம் என் மொத்தக் குடும்பமும் மாலையோடு நின்றுகொண்டிருந்தது.

"அந்தாண்டலேர்ந்துதான் நீ வரணும், நாம இந்தாண்ட கீறோம்," என்று அக்கா நிலைமையை எடைபோட்டார். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த ஒரு தள்ளுவண்டியை இழுத்துப் பெட்டியை வைத்தார். "நாலு பேரு பெட்டியோட வரும்போது நீ அவுங்களோட கலந்துகினு பூந்துடு. தலைய நிமுத்திகினு போ. பயந்தாதான் பாப்பாங்க."

துபாயிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் வெளியே வந்து, டாக்ஸிக்காரர்களோடு பேசிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தது. நான் தூணுக்குப் பின்னாலிருந்து அவர்களுக்குள் நுழைந்து, அவர்களுடைய பாட்டிலும் போர்வையுமாக இருந்த கூட்டத்தோடு எங்கள் ஆட்களை நோக்கி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா, போய்வருகிறேன் என்பதற்கான ஜெர்மன் வார்த்தையைச் சொல்லிக் கையாட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

பெரியப்பா மாலையைப் போட்டார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "என்னடி மேல மீன் வாட வருது?" என்றாள்.

"ஃபிளைட்ல மீனுதான் போட்டாங்களாம்," என்றாள் அம்மா. அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

வேனில் பெரியப்பா முன் சீட்டிலிருந்து முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "உன்ன மாதிரியே ஒருத்தி, இத்தாலிக்காரி, தாம்பரம் ஸ்டேஷன்ல பாத்தேன். வேர்க்கடல வாங்கிக் குடுத்தேன். நல்ல பொண்ணு. பாஷைதான் புரியல." அப்படியா பெரியப்பா என்று நான் ஆச்சரியப்பட்டேன். அப்பா பல்லாவரம் வரைக்கும் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். உலகத்தில் எங்கே போனாலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெண்ணைத்தான் பெரியப்பா பல வருடம் உதாரணமாகச் சொன்னார்.

டீச்சரம்மாவின் மருமகள் அந்த வருடக் கடைசியில் தாம்பரம் வந்தாள். அவளோடு பத்து நிமிடமல்ல, நாள் முழுக்கப் பேசினேன் என்று டீச்சரம்மா சொன்னார். பேச்சு பெரும்பாலும் மீன் விலை பற்றித்தான், ஆனாலும் பேச்சுதானே. தோல் அண்ணனுக்கு இத்தாலிக்காரர்கள் பேசுவது புரிய ஆரம்பித்தது. அவர்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சார் மறுவருடம் கடிதத்தில் மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு எழுதினார். அந்த வருடம் சேர யாரும் வரவில்லை.

படிப்பு முடிந்ததும் பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. மூன்று வாரம் முடிச்சூரில் கற்றதுதான் அந்த வேலையை வாங்கித் தந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. இரண்டாவது வருடம் அலுவலகம் என்னைப் பத்து நாள் பயிற்சிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்பியது. இந்த முறை விசா வந்தது, டிக்கெட் வந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை. இரண்டாவது தடவைதானே என்றார் பெரியப்பா. நான் ஆட்டோவில் போனேன்.

அங்கே இறங்கி, ஹோட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, கடைக்கு போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, ஜெர்மனி வந்துட்டேன்."

கடையில் யாரோ பைப் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. அப்பா ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நெஜமாவாம்மா?"

"நெஜமாதாம்பா. மழ பெய்யுது. ஜன்னல்லேர்ந்து ட்ராம் வண்டி தெரியுது."

  அவர், முக்கால் இஞ்ச் பைப் இரண்டாவது ரேக்கில் இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, ட்ராம் என்ன கலர் என்று என்னைக் கேட்டார்.